ஒரு சோறு பதமாகுமா?

கிளிவெட்டியில் நெல்லுக்கு விலைபேச வரும் வியாபாரி மூட்டையைக் குத்தி, ஒரு பிடி நெல்லை உள்ளங்கையிற் பரப்பிப் பார்க்கிறான். அந்தப் பிடியைக்கொண்டே அத்தனை மூட்டைகளுக்கும் விலை தீர்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வகுத்த விதி. அது பிழைத்தால் உழவனுக்குச் சில ரூபாய்கள் இழப்பு. அதே விதிகொண்டு ஒரு மனிதனின் உயிரை எடைபோட்டால்?

இது வெறுங் கற்பனையன்று. இலங்கையில் 1984ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்பவனுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கப்படலாம். 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையிற் கையொப்பமிட்டதாக அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். உயர் நீதிமன்றம் தலையிட்டே அது நின்றது.

நூறு பொட்டலங்கள் கைப்பற்றப்பட்டதாகக் கொள்வோம். நூற்றின் வர்க்கமூலமான 10ஐ மட்டும் எடுத்துச் சோதிப்பது பல நாடுகளிற் பழைய வழக்கம். பத்திலும் ஹெரோயின் இருந்தால் நூறிலும் உண்டு என்று சொல்லிவிடலாமா? கணக்கிட்டுப் பாருங்கள். நூறில் 11 பொட்டலங்கள் வெறும் மாவாக இருந்தாலும், எடுத்த பத்திலும் ஹெரோயினே அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 29. குறைந்தது 90 பொட்டலங்களில் உண்டு என்று நூற்றுக்கு 95 உறுதியுடன் கூற, தற்செயலாகத் தெரிந்தெடுத்த 23 பொட்டலங்களைச் சோதித்தாகவேண்டும். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கே பழமொழி பொருந்தும். தெருவில் விற்கும் தூளோ பல கைகள் கலந்தது.

கருவியும் பிசகும். 2.05 கிராம் என்று காட்டும் அளவை 0.1 கிராம் கூடவோ குறையவோ பிசகக்கூடுமாயின், உண்மை எடை 1.95ஆகவும் இருக்கலாம். சட்டத்தின் கோடு மயிரிழை; அளவையின் கோடோ வரப்பின் அகலம்.

எதை நிறுப்பது என்பதும் மனிதர் முடிவே. தூய போதைப்பொருளை மட்டும் எண்ணவேண்டும் என்று 2008இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், கலந்த மாவையும் சேர்த்தே நிறுக்கவேண்டும் என்று 2020இல் தீர்ப்பளித்தது. தூள் மாறவில்லை, எண் மாறிற்று.

“நஞ்சு விற்பவனுக்கு இத்தனை கணக்கா?” என்று சிலர் கேட்பர். மகனைப் போதைக்குப் பறிகொடுத்த தாயின் சினம் நியாயமானது. ஆனால் அந்த மயிரிழைக் கோட்டின்மேல் நிற்பவன் யார்? தொன்கணக்கிற் கப்பலேற்றும் பெருவியாபாரிக்கு 0.1 கிராமால் ஆவது ஒன்றுமில்லை. அளவையின் பிசகு தீண்டுவது சட்டைப்பையிற் பொட்டலம் வைத்திருந்த கூலியாளை, தானே போதைக்கு அடிமையான இளைஞனை. ஐயத்தின் சுமை முழுவதும் சிறியவன் தலையிலேயே விழுகிறது.

ஆகையால் எண்களை வெறுக்கவேண்டுமா? இல்லை. தன் பிசகையும் சேர்த்துச் சொல்லும் எண் நேர்மையான சாட்சி. அதை மறைக்கும் எண்ணே அதிகாரத்தின் ஏவலாள். எத்தனையில் எத்தனை சோதித்தீர்கள், எவ்வளவு பிசகும் என்று நீதிமன்றம் கேட்கவேண்டும். வகுப்பறையில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இக்கேள்விகளை ஊரறியச் செய்யவேண்டும்.

அதன் பின்னும் நூற்றுக்கு ஐந்து என்ற ஐயம் எஞ்சும். தவறாகச் சிறையிலிட்டவனைக் கதவு திறந்து விடுவிக்கலாம். தூக்குக்கயிறு எந்தக் கணக்கையும் திருத்த இடந்தருவதில்லை. ஐயத்தோடுதான் அறிய முடியும் என்று விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளும்போது, ஐயமின்றிக் கொல்லும் உரிமையைச் சட்டத்திற்கு யார் அளித்தது?