மைல்கற்களும் உடன் நடப்போரும்

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையோரத்து மைல்கற்களைப் பாருங்கள். அடுத்த ஊரின் பெயரும் தொலைவும் அவற்றில் இருக்கும். அவ்வழியே நடந்தவர் எவரது பெயரும் இராது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் நிலத்தைச் சங்கிலியிட்டு அளந்தார். இத்துணைக்கண்டத்தை அளந்த பெரும்பணிக்கு அதுவே அடிக்கோடாயிற்று. லாம்ப்டன் பெயர் நூல்களில் உள்ளது. சங்கிலியைச் சுமந்து முட்புதர்களிடையே உடன் நடந்தவர்களின் பெயர்களோ தேடினாலும் கிடைப்பது அரிது.

மைல்கல் என்னும் சொல்லைச் சாலையிலிருந்து எடுத்து வாழ்வுக்குச் சூட்டியபோது, அதன்மேல் நம் பெயரையும் எழுதிக்கொண்டோம். அறுபது நிறைந்தால் மணிவிழா. திருமணத்துக்கும் குருத்துவத்துக்கும் வெள்ளி விழா, பொன்விழா. மகிழ்வதில் தவறென்ன என்று கேட்பீர்கள். மகிழ்வதைப் பற்றியதன்று நம் வினா. ஒருவர் தம் வாழ்வையே காரணமாக்கி, "என்பொருட்டுக் கூடுங்கள்" என்று பிறரை அழைப்பது முறைதானா?

விவிலியத்தைப் புரட்டினால் சற்றே திகைப்பு உண்டாகும். அதில் விருந்து வைத்துப் பிறந்தநாள் கொண்டாடுவோராக நாம் காண்பது பார்வோனையும் ஏரோதுவையும்தான். முன்னவனது விழா நாளில் அப்பம் சுடுவோரின் தலைவன் கழுவேற்றப்பட்டான். பின்னவனது விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை தட்டில் வந்தது. தூயோர் எவரும் தம் பிறந்தநாளுக்கு விருந்து வைத்ததாக மறைநூல் கூறவில்லை என மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் சுட்டிக்காட்டினார். லேவியர் நூல் கூறும் ஐம்பதாம் ஆண்டு யூபிலியும் தனியொருவரது வயதைப் பற்றியதன்று. விற்ற நிலம் உரியவரிடம் திரும்புவதும், அடிமைப்பட்டவர் தம் குடும்பத்துக்கு மீள்வதுமே அந்த விழா.

ஏரோதுவின் காலம் வேறு, நம் காலம் வேறு என்று எளிதில் சொல்லிவிட இயலவில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர்மேல் விழுந்தது. நிலைகுலைந்து விழுந்த அவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் கட்டியவர்கள் எவருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள். தம் வீட்டு மகிழ்ச்சியை ஊர் முழுதும் காண வேண்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவே. அந்த "அவ்வளவே" நம்மை உறுத்துகிறது.

ஆயினும் ஓரிஜனோடு நின்றுவிட நமக்கு மனமில்லை. புனித அகுஸ்தினார் தம் பிறந்தநாளைக் கொண்டாடியிருக்கிறாரே! 386 நவம்பர் 13 அன்று, மிலான் நகருக்கு அப்பால், நண்பர் வெரெகுந்துஸ் தந்துதவிய நாட்டுப்புற வீட்டில் அவருக்கு 32 வயது நிறைந்தது. திருமுழுக்குக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அன்னை மோனிக்கா, மகன் அதேயோதாத்துஸ், உடன்பிறந்தவர், மாணவர் இருவர் ஆகியோருடன், இலக்கணப் படிப்புக்கூட இல்லாத உறவினர் இருவரும் இருந்தனர். அவர்களும் இருக்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். பகலுணவு சுருக்கமாகவே இருந்தது. உண்ட களைப்பு எவரது சிந்தனையையும் மழுக்கவில்லை. அதன்பின் அவர் முன்வைத்தது தம் வாழ்க்கை வரலாற்றை அன்று, ஒரு கேள்வியை: விரும்பியதைப் பெற்றவன் பேறுபெற்றவனா? நல்லதை விரும்பிப் பெற்றால்தான் என்று அன்னை விடையிறுக்க, மெய்யியலின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் என்று மகன் வியந்தார். உரையாடல் மூன்று நாள் நீண்டது. மூன்றாம் நாள் மேகம் விலகவே, எல்லாரும் அருகிலிருந்த புல்வெளிக்கு இறங்கிச் சென்றனர்.

நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவரை இங்கு நினைக்கிறோம். தாம்பரம் ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பணி நிறைவும் அறுபதாம் அகவையும் ஒருங்கே வந்தன. பிள்ளைகள் மண்டபம் பிடிக்கப் புறப்பட்டபோது, "எனக்கு நாலு சிநேகிதர் போதும். வண்டலூருக்கு அப்பால் ஊனமாஞ்சேரிப் பக்கம் ஒரு நாள் நடந்து வருகிறோம்" என்றாராம். "சாமியும் வரணும்" என்று நம்மையும் அழைத்தார், சென்றோம். விடியுமுன் திருப்பலி, பிறகு நடை. ஏரிக்கரை, பனைமரங்கள், புதரிலிருந்து செம்போத்தின் குரல், தொலைவில் குன்றுகள். அவற்றுக்கு இடையிடையே மனைப்பிரிவுக்கு நட்ட கற்கள். இன்னும் சில ஆண்டுகளில் அந்த வரப்புகள் இருக்குமா என்பது ஐயமே.

நண்பர்களில் ஒருவருக்கு மூட்டுவலி. வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியும் மற்றவர்கள் விடவில்லை. விளைவு, அறுவரும் அவர் வேகத்திலேயே நடந்தோம். குறித்த இடத்தை அடையுமுன் வெயில் ஏறிவிட்டது. புளியமர நிழல் ஒன்றில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டுவிட்டுத் திரும்பினோம். விழா நாயகரோ வழி முழுதும் கடைசியில், மூட்டுவலிக்காரரின் கைத்தடிக்கு மறுபக்கத்தில் வந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஆடு மேய்ப்பவர், எங்களுள் யாருக்கு விழா என்று ஊகித்திருக்க முடியாது.

இதனோடு ஒப்பிட வேறொரு நடை உண்டு. 1336 ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் பிரான்சு நாட்டு வாந்தூ மலையில் ஏறினார். பொலோஞா நகரில் படிப்பை விட்டுப் பத்தாண்டு நிறைந்ததை அன்று எண்ணிப் பார்த்ததாக எழுதுகிறார். அவருக்கும் அது ஒரு மைல்கல்லே. (அக்கடிதம் பல ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்பாரும் உளர்.) துணைக்கு யாரை அழைப்பது என்று நண்பர்களை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்தாராம். ஒருவர் மெத்தனம், ஒருவர் அவசரம். ஒருவர் வாட்டம், ஒருவர் மிகு களிப்பு. எவரும் தேறவில்லை, தம்பியை அழைத்துச் சென்றார். உச்சியில் அகுஸ்தினாரின் நூலைத் திறக்க, மலைகளையும் கடலையும் வியக்கச் செல்லும் மாந்தர் தம்மையே மறந்துவிடுகின்றனர் என்னும் கருத்துள்ள பகுதி கண்ணில் பட்டது. இறங்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அந்த மனமாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தம் மைல்கல்லுக்குத் தக்க நண்பரைத் தேடுவதற்கும், நண்பரின் மூட்டுக்குத் தக்கபடி மைல்கல்லை மாற்றிக்கொள்வதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. பெத்ரார்க்கின் தராசில் நம் மூட்டுவலிக்காரர் முதலிலேயே கழிக்கப்பட்டிருப்பார்.

ஆக, "என்பொருட்டுக் கூடுங்கள்" என்று அழைப்பது குற்றமன்று என்றே நமக்குப் படுகிறது. கூடியபின் நடையின் வேகத்தை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுபது ஆண்டை எவரும் தனியாக நடந்து கடப்பதில்லை. தூக்கியவர், கடன் கொடுத்தவர், காத்திருந்தவர் எனப் பலரும் அந்தத் தொலைவில் உள்ளனர். அழைத்தவர் பின்வரிசைக்கு நகர்ந்தால்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

அப்படியும் தெரியாமற்போகிறவர் உண்டு. அந்தக் கட்டுச்சோறு ஆறு பேருக்குப் போதுமானதாக, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமைக்கப்பட்டது. தமிழாண்டுகள் அறுபதும் ஒரு சுற்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயரே திரும்புவதால் அறுபதுக்கு நம்மிடையே தனிச்சிறப்பு. ஆனால் மணிவிழா கணவரின் வயதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. மனைவிக்கு அறுபது நிறையும் நாளில் பெரும்பாலும் அடுப்பில் வழக்கமான உலையே கொதிக்கும். நடை முடிந்த மறுவாரம் இதை அந்த அன்பரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கேட்டு வந்தார். அம்மாவுக்கு அடுத்த ஆண்டு அறுபது. தம் அன்பியத்துப் பெண்கள் மூவரோடு பரங்கிமலைக்குப் படி வழியாகவே ஏற வேண்டுமாம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டித் தருவது ஆண்களின் பொறுப்பாம்.