தையல் மேசையும் இரண்டாம் முக்காலியும்

கிழிந்த ஆடையைத் தைத்துக் கொடுப்பது அறமா என்று வினவினால் எவரும் ஆம் என்பர். பலர் கூடியிருக்கும் இடத்தில் தைத்துக் கொடுப்பது அறமா என்றால், விடை அவ்வளவு எளிதில் வாராது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில், ரந்தாவ் ஆயினும் பகாவ் ஆயினும், ஆலயத் திருவிழாவே ஊர் கூடும் நாள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் லயங்களை விட்டுச் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தோர் அன்று புத்தாடையுடன் திரும்புவர். அவர்கள் நடுவே ஒரு நடமாடும் தையல் மேசையை நிறுத்தி, கிழிந்ததைக் கொண்டு வருக என அழைத்தால், தோட்டத்திலேயே தங்கிவிட்ட மூதாட்டி தம் சேலையை எந்த முகத்தோடு நீட்டுவார்?

வள்ளுவர் நட்புக்கு உவமை தேடியபோது, நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையைக் கண்டார். அக்கை அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. பிறர் கண்ணில் படுமுன் தன் வேலையை முடித்துவிடுகிறது. மேசை அமைக்க முற்படுவோர் முதலில் கருத வேண்டுவது இதனையே.

கருவியின் அமைப்பிலேயே அறம் அடங்கும் என்பதைக் காந்தியடிகள் அறிந்திருந்தார். இயந்திரங்களைப் பற்றிய 1924ஆம் ஆண்டு உரையாடலில், விலக்களிக்கத் தக்கதாகத் தையற்பொறியை எடுத்துக்காட்டினார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பொறாத அன்பே சிங்கரை அதனைப் படைக்கத் தூண்டிற்று என்பது அவர் கருத்து. (சிங்கரின் வரலாறு அன்பைவிடப் பொருளாசையையே மிகுதியும் காட்டுகிறது, அது வேறு கதை.) 1929இல் அகில பாரத சர்க்கா சங்கம் புதிய இராட்டை ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. எளிதில் தூக்கிச் செல்லத்தக்கதாய், குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாய், ஒரு பெண் பெருமுயற்சியின்றி 8 மணி நேரம் தொடர்ந்து நூற்கத்தக்கதாய், விலை 150 ரூபாய்க்கு மேற்படாததாய் இருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகளுள் சில. எவ்வளவு நூல் கிடைக்கும் என்பதோடு, இயக்குபவளின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதும் அங்கே அளவுகோலாயிற்று.

தோட்டத்து மேசைக்கும் அவ்வளவுகோல் பொருந்தும். மின்சாரம் வேண்டாத கைச்சக்கரப் பொறி, அதன் இரும்புச் சுமையைத் தாங்கியும் ஆடாதிருக்கக் குறுக்குச் சட்டம் பூட்டிய மடக்கு மேசை, நூலும் ஊசியும் வைக்க ஓர் இழுப்பறை. இவற்றைத் தச்சர் பார்த்துக்கொள்வார். ஆழ்ந்து எண்ண வேண்டியது இருக்கையைப் பற்றியே. கைச்சக்கரப் பொறியில் வலக்கை சக்கரத்தைச் சுழற்றுவதால், துணியை நடத்த இடக்கை ஒன்றே எஞ்சும். தடித்த ஒட்டுக்கு அது போதாது. இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றினாலோ தைப்பவருக்கு இரு கைகளும் கிட்டும். பொறியின் குறை இங்கே பேறாகிறது. முக்காலி ஒன்றுக்கு இரண்டாக இட்டு, துணிக்குரியவரையே சக்கரத்தின் அருகில் அமர்த்திவிட்டால், அவர் கைநீட்டி நிற்பவர் அல்லர். தம் துணியைத் தாமும் தைப்பவர். பால்வெட்டித் தேய்ந்த கை நோகுமாயின், அமர்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும், பேரப்பிள்ளை சுற்றுவான்.

இதனால் ஒரு நாளில் தைத்து முடியும் உருப்படிகள் குறையும் என விழாக் குழுவினர் முறையிடலாம். குறையத்தான் செய்யும். அறிவிப்பில் ‘கிழிந்தது’ என்னும் சொல்லும் வேண்டா. ‘தைக்க வேண்டியது’ என்றிருந்தால், நகரத்திலிருந்து வந்தவர் நீளக் காற்சட்டையைக் குறைக்கக் கொணர்வார், மற்றொருவர் பள்ளிச் சீருடையின் பொத்தானுக்காக வருவார். மூதாட்டியின் சேலையும் அவற்றோடு சேர்ந்துவிடும். மேசையையும் வாயிலருகே வைக்காமல், அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் பெண்கள் அமரும் பக்கமாகச் சுவரையொட்டி வைப்பது நன்று.