கடன் வாங்கிய சொல்

பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாட்டுப் படிப்புக்கான பரீட்சைக்காக ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறான். நாளொன்றுக்கு இருபது சொல். ‘எஃபெமரல் – அற்பாயுள் உடையது, மாக்னானிமஸ் – பெருந்தன்மை உள்ள’ என்று விடியற்காலையில் அவன் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு என்னுடைய இருபதாவது வயது நினைவுக்கு வருகிறது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

நானும் அப்படிப் படித்தவன்தான். நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். கற்றதைச் சும்மா வைத்திருக்க மனம் வருமா? புதுச் செருப்பு வாங்கியவன் காரணமில்லாமல் தெருவில் நடப்பதுபோல், நான் காரணமில்லாமல் கடிதங்கள் எழுதினேன். அந்தச் சமயத்தில் நண்பன் ஒருவனுடைய தகப்பனார் காலமானார். துக்கம் விசாரிக்க நேரில் போகாமல், ஆங்கிலத்தில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். அவனுடைய துயரத்தை ‘லுகூப்ரியஸ்’ என்று வர்ணித்திருந்தேன். என் நோட்டில் அதற்குச் ‘சோகமான’ என்று பொருள்.

ஒரு மாதம் கழித்து அவனைச் சந்தித்தேன். “உன் கடிதத்தைப் படிக்க அகராதியைத் தேட வேண்டியிருந்ததப்பா. நான் வேஷம் போட்டு அழுதேன் என்றா நினைத்தாய்?” என்று கேட்டான்.

அந்தச் சொல்லுக்குச் சோகம் என்பது பாதிப் பொருள்தான். அளவுக்கு மீறி முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, பார்ப்பவருக்குச் சிரிப்பு மூட்டுகிற சோகம் என்பது மறுபாதி.

இது அறியாமையால் வந்த பிழையா, மனத்தின் பிழையா? வெகுநாள் யோசித்திருக்கிறேன். சரியான சொல்லையே போட்டிருந்தாலும் அந்தக் கடிதம் பொய்க் கடிதம்தான். எழுதும்போது என் கண்முன் நின்றது அவனுடைய துயரமல்ல, என்னுடைய நோட்டு.

1755இல் லண்டனில் டாக்டர் ஜான்சன் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டார். 42,000க்கும் அதிகமான சொற்கள். அவற்றில் ‘பாஸ்டர்ன்’ என்பது ஒன்று. குதிரைக் காலில் குளம்புக்குச் சற்று மேலே உள்ள பகுதி அது. அவரோ முழங்கால் என்று எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு சீமாட்டி கேட்டபோது, வெறும் அறியாமைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டாராம். சமாளிக்க அவரிடம் சொற்களுக்கா பஞ்சம்?

சொற்களைச் சேர்ப்பது குற்றமல்ல. ‘எஃபெமரல்’ கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. ஒரே நாள் இருப்பது என்று பொருள். மழை இரவில் விளக்கைச் சுற்றிப் பறந்து, காலையில் சிறகாக உதிர்ந்து கிடக்கும் ஈசலைப் பார்த்தவனுக்கு அது சொந்தச் சொல்லாகிவிடுகிறது. பார்க்காதவனுக்குக் கடன் சொல்தான். கடன் வாங்கலாம், ஆனால் பிறருடைய துக்கத்தில் அதை உடுத்திக்கொண்டு போய் நிற்கக் கூடாது.

நேற்று மாலை அந்தப் பையன் வந்து, “சார், இதற்கு என்ன அர்த்தம்?” என்று ஒரு சொல்லைக் காட்டினான்.

“தெரியாதப்பா” என்றேன்.

அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. இருவருமாக உட்கார்ந்து அகராதியைப் புரட்டினோம்.