தாயின் தட்டும் சேயின் உடலும்

ஒருவர் செய்த வினையை மற்றொருவர் நுகர்வதில்லை என்பது நம் அறத்தின் அடிப்படை. ஆயினும் கருவிலுள்ள குழந்தை தாய் உண்டதையே உண்கிறது. அவ்வாறாயின், பிள்ளைக்குப் பின்னாளில் வரும் உடற்பருமனுக்குத் தாய்தான் பொறுப்போ?

இவ்வினா வீணில் எழுந்ததன்று. நெதர்லாந்தில் 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, கருக்காலத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்த ஆண்மக்களிடையே 19 வயதில் பருமன் மிகுந்திருந்ததை 1976இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் நாட்டில் புனே நகரையடுத்த ஆறு சிற்றூர்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1993இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. எடை குறைந்த அளவுக்குக் கொழுப்புக் குறையவில்லை; தசையே குறைந்திருந்தது. கருவுற்றிருந்தபோது பி12 உயிர்ச்சத்துக் குறைந்தும் ஃபோலிக் அமிலம் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலை மிகுதியாகக் காணப்பட்டது. நீரிழிவுக்கு அதுவே முதற்படி.

புலால் மறுத்த நமக்கு இச்செய்தி மிக நெருக்கமானது. தானியத்திலும் காய்கனியிலும் பி12 இல்லை. பாலும் தயிருமே நம் வழி. போதாதபோது மருத்துவர் தரும் மாத்திரை.

பணியின் பொருட்டுக் கோவில்பட்டிக்கு வந்து, கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் விளையும் கரிசற்காட்டில் நெடுங்காலம் வாழ்ந்தோம். வீடுதோறும் நாம் கண்டது ஒன்றே. பால் முதலில் ஆடவருக்கு, அடுத்துப் பிள்ளைகளுக்கு. கருவுற்றவளுக்கு எஞ்சியது நீர்மோர். "பிள்ளை சிறுத்திருந்தால் பேறு எளிது" என்று நம் மருமகளின் சோற்றை நாமே குறைத்ததும் உண்டு. இன்று நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. இதற்கு மாறாக, "இருவருக்காக உண்" என்று இனிப்பும் நெய்யும் திணிப்பதும் பிழையே. தாயின் குருதியில் மிகும் சர்க்கரை சேயையும் சென்றடைந்து கொழுப்பாகிறது.

பிள்ளையின் உடலுக்குத் தாய் நிமித்தமெனில், தாயின் தட்டுக்கு நிமித்தம் யார்? பங்கிடும் மாமியார், பொருளீட்டும் கணவன், முதலில் உண்டெழும் நாம் அனைவருமன்றோ? தனக்கென எடுத்துண்ண உரிமையில்லாதவள்மேல் பழியை மட்டும் சுமத்துவது இம்சையின் வேறொரு வடிவம்.

அருகிலுள்ள கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனும் பெண்ணாசிரியர் பெயர்களைக் காண்கிறோம். அம்மரபில் வந்த மூதாட்டியர் கற்பிக்க வேண்டிய பாடம் எளியது. கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் பயறும் கீரையும் தயிரும் அளவோடு முதலில் பரிமாறுவோம். பிறகு நாம் உண்போம். பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். அதனைச் சுரப்பவளின் பசியை அறிவதே நம் கடன்.