தம்மவருக்கு எதிரான சாட்சி

சேலத்தை அடுத்த தாரமங்கலம் பக்கத்தில் பவளத்தானூரிலும் குறுக்குப்பட்டியிலும், காவிரிக்கரை வேலூரை அடுத்த பரமத்தியிலும், ஈழத்திலிருந்து வந்த தமிழ் மக்கள் முகாம்களில் வாழ்கின்றனர். 1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் தமிழகக் கரை சேர்ந்தவர்களும், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது படகேறியவர்களும், 2006க்குப் பின் வந்தவர்களும் இம்முகாம் மக்களில் அடங்குவர். வெள்ளையடித்தும் கொத்து வேலை செய்தும் பிழைப்பவர் பலர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் சட்டத்தின் கண்ணில் இன்னும் வந்தவர்களே. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லிற்று. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ என்று வைத்தது. கதியற்றவன் என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சுமந்து திரிவதிலிருந்து அம்மக்களுக்கு அந்த அளவில் விடுதலை கிடைத்தது.

தாம் பட்ட துன்பத்தை இம்மக்கள் சொல்கிறார்கள், எழுதியும் வருகிறார்கள். அது இயல்பு. துன்புற்றவன் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்? நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. தம் இனத்தார் பிறருக்கு இழைத்த கொடுமையை எழுதும் கடமை எவருக்கு உரியது? அப்படி எழுதுவது துரோகமா? அதுவும், தம் இனமே அடிபட்டுக் கிடக்கும் வேளையில் அதைச் செய்யலாமா?

இக்கேள்வியை எண்ணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம். பதினாறாம் நூற்றாண்டினர். அவருடைய குடும்பத்தார் மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பொன்னானியில் நிலைத்தவர்கள். அவர் அரபியில் எழுதிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் நூலைக் கேரள வரலாற்றை ஆராய்வோர் எவரும் தவிர்க்க முடியாது. போர்ச்சுக்கீசியர் மலபார் முஸ்லிம்களுக்குச் செய்த அட்டூழியங்களை வரிசைப்படுத்தி, அவர்களை எதிர்த்து நிற்குமாறு அழைப்பதே அந்நூலின் நோக்கம். பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில்ஷாவுக்கு அது காணிக்கை ஆக்கப்பட்டது. ஆகவே அதை ஒரு வழக்குரை என்றே சொல்லலாம். தம் கட்சிக்காரருக்காக வாதிடும் ஒருவரின் வழக்குரை.

அத்தகைய நூலுக்குள்தான் ஹிஜ்ரி 931ஆம் ஆண்டு, அதாவது 1524ஐ ஒட்டிய காலத்தில், கொடுங்கல்லூரில் நடந்ததை அவர் எழுதி வைத்தார். அங்கு ஒரு முஸ்லிம் யூதரால் கொல்லப்பட்டதாகத் தொடங்கிற்று பூசல். பல ஊர் முஸ்லிம்கள் கூடிப் பேசி, மரக்கலங்களில் திரண்டு சென்றார்கள். யூதர் பலரைக் கொன்றார்கள். எஞ்சியோரைக் கிழக்கே ஒரு சிற்றூருக்கு விரட்டினார்கள். அவர்களுடைய வீடுகளையும் தொழுகைக் கூடங்களையும் எரித்தார்கள். அத்தோடு நிற்கவில்லை, கிறிஸ்தவர்களின் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் தீ வைத்தார்கள். இவ்வளவையும் சொல்பவர் யூதர் அல்லர், போர்ச்சுக்கீசியரும் அல்லர். நம்மவர்.

அவர் அதற்காகக் கண்ணீர் வடித்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். அந்நூலை அவருக்காக நாம் திருத்தி வாசிக்கக் கூடாது. ஒரு பூசலையும் அதன் முடிவையும் வரலாற்றாசிரியன் பதிவது போல் பதிந்து அவர் மேலே போய்விடுகிறார். வெற்றிச் செய்தியாக அதை வாசிக்கவும் இடமுண்டு. ஆயினும், அயலான் இழைத்த கொடுமைகளை அடுக்கும் ஏட்டில், தம்மவர் கொளுத்திய கூடங்களையும் அவர் எண்ணி வைத்தார். விட்டிருந்தால் அவருடைய வாதத்துக்கு நன்மையே அன்றி இழப்பு ஏதும் நேர்ந்திராது.

கொடுங்கல்லூர் யூதர்கள் பின்னர் கொச்சிக்குக் குடியேறினர். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதரின் வழியினரும் அங்கு வந்து சேர்ந்தனர். 1568இல் அங்கு எழுந்த ஆலயத்துக்குப் ‘பரதேசி’ என்றே பெயர். வேற்று நாட்டவர் என்பதே அதன் பொருள். நம் தமிழிலோ அச்சொல் வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது! நாடிழந்தவனை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை அகராதியே காட்டிக்கொடுக்கிறது.

யூதர் பட்ட துன்பத்தின் பெருங்கணக்கை நம் காலத்தில் எழுதியவர் ராவுல் ஹில்பெர்க். 1926இல் வியன்னாவில் பிறந்து, 1939இல் குடும்பத்தோடு தப்பி, கியூபா வழியாக அமெரிக்கா சேர்ந்தவர்; தாமே ஓர் அகதி. 1961இல் வெளிவந்த அவருடைய நூல், கொல்லப்பட்டவர்களின் புலம்பலைவிடக் கொன்றவர்களின் கோப்புகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. ஜெர்மானிய ரயில்வே, மரண முகாம்களுக்கு யூதரை ஏற்றிச் சென்றபோது ஆளுக்கு இவ்வளவு எனப் பயணக் கட்டணம் கணக்கிட்டது. போவதற்கு மட்டுமான சீட்டு, சிறுவர்க்குப் பாதிக் கட்டணம், கைக்குழந்தைக்குக் கட்டணமில்லை. அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தா யாரையும் அடித்தவனல்லன். மாலையில் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைக் கொஞ்சியிருப்பான். இப்படிப்பட்ட ஆயிரமாயிரம் மேசைகளின் வழியே அந்தப் படுகொலை நடந்தது என்பதை ஹில்பெர்க் நிறுவினார்.

அதே நூலில் அவர் இன்னொன்றையும் எழுதினார். நாஜிகள் அமைத்த யூத மன்றங்கள், ஆணைக்குப் பணிந்து பெயர்ப் பட்டியல்கள் தயாரித்ததையும், அப்பணிவு கொலைகாரர்களின் வேலையை எளிதாக்கியதையும் அவர் மறைக்கவில்லை. தம்மவர் பலர் சினந்தனர். எருசலேமின் யாத் வஷெம் நிறுவனம் அந்நூலை வெளியிட முன்னரே மறுத்திருந்தது. பிணக்குவியலின் நடுவே நின்று இறந்தவர்களைக் குறை சொல்லலாமா என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. துப்பாக்கி முனையில் ஒருவன் எழுதிய பட்டியலை, பின்னால் நாற்காலியில் இருந்துகொண்டு எடைபோடுவது எளிதன்று. ஆனாலும் பட்டியல் எழுதப்பட்டது என்பதும் உண்மையே. மன்றத்தாரின் மேல் இரக்கம் கொள்வது வேறு, பட்டியலை மறைப்பது வேறு.

1948இல் பாலஸ்தீனத்திலிருந்து சுமார் 7 இலட்சம் அரபு மக்கள் வீடிழந்தனர். நம்மில் பலர் இதை அரபுலகத்தின் வாய்வழியாகவே கேட்டறிந்தவர்கள். ஆனால் 1988இல் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மாரிஸ், இஸ்ரேலின் ஆவணங்களைக் கொண்டே, பல ஊர்களில் மக்கள் யூதப் படைகளால் விரட்டப்பட்டதை எழுதிக் காட்டினார். அதன்பின் மறுத்தவர்களுக்கு மறுப்பது கடினமாயிற்று. விந்தை என்னவென்றால், அவரே 2004இல் ஒரு நேர்காணலில் அந்த வெளியேற்றத்தை நியாயப்படுத்திப் பேசினார். எழுதியவரின் நெஞ்சம் எங்கு சென்றாலும் எழுத்து அங்கேயே நின்றது. பாலஸ்தீனர்கள் இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள். ஸைனுத்தீன் மக்தூமின் நெஞ்சில் இருந்தது என்ன என்று நாம் அறிய முடியாமற் போனாலும், கொடுங்கல்லூரில் எரிந்த கூடங்களுக்கு அவர் சாட்சியாக நிற்பது அவ்வாறே.

மீண்டும் ஈழத்துக்கு வருவோம். நம் சமவெளி முகாம்களுக்குப் பலர் வந்து சேர்ந்த அந்த 1990ஆம் ஆண்டில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் ஆகஸ்ட் 3ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். தமிழே பேசிய அம்மக்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் அகதிகளானார்கள்.

இதை நாம் எழுதினால் அது வழக்குரை. தமிழர் எழுதினார்கள் என்பதே இங்கு பொருட்டு. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற யாழ்ப்பாண அமைப்பினர் அரசுப் படைகளின் கொடுமைகளோடு தம் இயக்கங்களின் கொடுமைகளையும் பதிந்தார்கள். ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் ரஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர்கள் ஊரில் இருக்க முடியாதவர்களாயினர், எழுதுவதை நிறுத்தவில்லை. முஸ்லிம்கள் துரத்தப்பட்டதையும் அவர்கள் எழுதினார்கள்.

ஆனால், அதே 1990இல், அதே கிழக்கில், முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் அரச படைகளோடு சேர்ந்து தமிழ்க் கிராமங்களில் கொலை செய்தார்கள். வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் ஆகஸ்ட் 12இல் கொல்லப்பட்டதில் அவர்கள்மேலும் குற்றம் சாட்டப்பட்டுள்ளது. காத்தான்குடியை ஆண்டுதோறும் நினைவுகூரும் நம் ஏடுகளில் வீரமுனைக்கு எத்தனை வரி கிடைத்திருக்கிறது? காத்தான்குடிக்குப் பழி என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. கொடுங்கல்லூரிலும் ஒரு கொலையே தொடக்கம் என்றார்கள். ஒரு கொலைக்கு ஓர் ஊரையே எரித்தார்கள்.

முகாமில் இருப்பவரிடம் போய், ‘உம்மவர் எம்மவரைத் துரத்தினாரே’ என்று கணக்குக் கேட்பது அறமன்று. துரத்தியவர் எங்கோ, இவர் சேலத்தில் ஏணிமேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பவர். அவரிடம் நாம் கேட்கக்கூடியது அவர் இழந்த ஊரின் பெயரையும், வந்த நாளையும், கடலில் விட்டுவந்தவர்களின் பெயர்களையும்தான். கிழக்கிலிருந்து வந்தவர் அங்கு இருப்பின், தம்மை ஓடச் செய்தவர்களுள் நம் பெயருடையாரும் இருந்தனர் என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நம் ஏட்டிலேயே அச்சிட வேண்டும்.