வலை கட்டுவது அவிசுவாசமா?



"ஜெபிச்சா போதாதா பிரதர், பெட்டியும் வலையும் எதுக்கு?" என்று என் மாடித் தோட்டத்தைப் பார்த்து ஒருவர் கேட்டார். கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரியானாலும் நெல்லைத் தக்காளியானாலும் தேங்கிய தண்ணீரில் வேர் அழுகும். அக்னி வெயிலில் பூ உதிரும். ஆகவே பலகைப் பெட்டியைச் செங்கல்மேல் உயர்த்தி, அடியில் துளையிட்டு, நிழல்வலை கட்டினேன். பேழைக்குக் கீல் பூசிய நோவா அவிசுவாசியா? ஜெபிக்கிற கை வேலையும் செய்யட்டும்.

அப்படிச் செய்தும் அழிந்தால்? 2023 டிசம்பர் 17, 18-ல் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டு, ஜெபிக்கிற வீடுகளுக்குள்ளும் புகுந்தது. "விசுவாசம் குறைச்சல்" என்று அவர்களைச் சொல்லத் துணியாதிருங்கள். பாடுபடுவது நம் பங்கு, பலன் கர்த்தருடையது. இழந்தவர்களுக்கு நம்மிடமுள்ள நாற்றில் பாதியைக் கொடுப்போம். அதுவே விசுவாசத்தின் கனி. ஆமென்!