ஆயில் ஏறுது என்று சொன்னவர்

ஒரு டீசல் இன்ஜின் எப்படி நின்றது என்பதை வைத்தே பாதி வியாதியைச் சொல்லிவிடலாம் என்பார் பாய். கரும்புகை கக்கித் திணறி நின்றால் காற்று போதவில்லை, அல்லது இழுக்க முடியாத பாரம். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியே வருகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புகையே இல்லாமல், எண்ணெய் தீர்ந்த விளக்குபோல அடங்கி நின்றால் டீசல் வந்து சேரவில்லை. "புகை பொய் சொல்லாது தம்பி" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். அப்படியென்றால் பொய் சொல்வது யார் என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நான் ரொம்ப நாள் அந்த இடத்தில் டிரைவரை நிரப்பி வைத்திருந்தேன்.

பாயின் பட்டறை திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது திருப்பாப்புலியூர். பெரியப்பாவிடம் பழைய டி-50 டோசர் ஒன்று இருந்தது. ஜப்பானின் கோமாட்சு கம்பெனியின் தொழில்நுட்பத்தில் நம்முடைய பெமல் நிறுவனம் தயாரித்த வகை. டயர் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் செயின். அதனால் எங்கள் பக்கம் அதற்கு 'செயின் டோசர்' என்று பெயர். கலிபோர்னியாவின் டெல்டா நிலத்தில் சக்கர வண்டிகள் சேற்றில் புதைந்துகொண்டே இருந்ததால்தான் பெஞ்சமின் ஹோல்ட் 1904இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினைப் பூட்டிப் பார்த்தார். அது ஊர்ந்து போன விதத்தைப் பார்த்துக் கம்பளிப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அந்தக் கம்பளிப்பூச்சியே கேட்டர்பில்லர் என்ற கம்பெனியின் பெயரானது. சேறும் மணலும் மாறி மாறி வரும் கடலூர் மண்ணிலும் செயின் வண்டிக்கு வேலை இருந்ததில் ஆச்சரியமில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்தை வெட்டி விற்றுவிடலாம். ஆனால் அடிக்கட்டையைப் பிடுங்கி நிலத்தைச் சமன்படுத்தினால்தான் அடுத்த கன்று வைக்க முடியும். மழைக்கு முன்னால் வைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தோப்புக்காரரும் காத்திருந்தார்கள். 2012 கோடையில் பெரியப்பாவின் வண்டிக்கு ஓய்வே இல்லை. அப்போதுதான் அது நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடும். பிறகு பிளேடு கட்டையில் முட்டும்போது இழுவை குறையும், புகையில்லாமல் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு அடித்தால் மறுபடி ஓடும். புகையில்லை, ஆகவே டீசல் பக்கம்தான் கோளாறு. அதுவரைக்கும் எல்லா மெக்கானிக்கும் சரியாகவே சொன்னார்கள். ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். வண்டி ஓடியது, மறுநாள் நின்றது. இன்னொருவர் ஃபீட் பம்புக்குப் புது கிட் போட்டார். ஓடியது, நின்றது. நாசில்களைக் கழற்றிச் சோதித்தார்கள், பம்பைக் கழற்றி கேலிபரேஷனுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி கொஞ்சம் ஓடியதால், ஒவ்வொருவரும் தான் தொட்டதுதான் நோய் என்று நம்பினார்கள். கடைசியில் ஒருவர், இன்ஜினைப் பிரித்துவிடலாம் என்றார். பிரித்தால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்த பெரியப்பா, வெளிவேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்த பாயைப் போய் அழைத்துவந்தார்.

பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. "மொதலாளி, நீங்க போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்று பெரியப்பாவை அனுப்பிவிட்டு, ஒரு வேர்க்கட்டையில் உட்கார்ந்து டிரைவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்னைச் சின்னப் பையன் கணக்கில் விட்டுவிட்டார்.

"நீ என்னா பண்ணேன்னு நான் கேக்கல. வண்டி என்னா பண்ணுச்சு, அத மட்டும் சொல்லு. எப்ப சீக்கிரம் நிக்கிது, எப்ப லேட்டா நிக்கிது?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "டேங்க் ரொப்புன அன்னிக்கு அரை மணி நேரத்துல நின்னுடுது பாய். பாதி டேங்க்னா மத்தியானம் வரைக்கும் தாங்குது."

பாய் எழுந்து சீட்டுக்குப் பின்னால் இருந்த டேங்குக்குப் போனார். மூடி இல்லை. வாயில் தடித்த பாலிதீனை மடித்துப் போட்டு, மேலே டியூப் ரப்பரால் இறுக்கிச் சுற்றியிருந்தது. ரப்பரை அவிழ்த்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

அவ்வளவுதான் விஷயம். டேங்க் மூடியில் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கிற இழுப்புக்கு டீசல் வராது. முழு டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் இறுகிவிடும். பாதி டேங்கில் காற்று நிறைய இருக்கும், இறுகுவதற்கு நேரமாகும். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் வண்டி ஓடியதற்குக் காரணமும் இதுதான். பைப்பில் ஏர் எடுப்பதற்கு முன்னால் டீசல் இருக்கிறதா என்று டிரைவர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். அந்த அவிழ்ப்புதான் வைத்தியம். கூலி வாங்கியது ஃபில்டரும் நாசிலும் பம்பும்.

"மூடி எங்கடா?"

"ஒரு நாள் காலைல வந்து பாத்தா காணோம் பாய். நைட்டு எவனோ டீசல் உறிய வந்திருக்கான்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா டீசல் போச்சான்னு கேப்பாங்க. போச்சுன்னா யாரு எடுத்தான்னு கேப்பாங்க." என் பக்கம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்: "முன்னாடி இருந்தவருக்கு என்னா ஆச்சுன்னு தெரியும்ல."

*

முன்னாடி இருந்தவருக்கு என்ன ஆனது என்பது எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கணக்கு எழுதியவன் நான்.

2010 கோடை விடுமுறை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, வண்டி ஓடிய மணி, ஊற்றிய டீசல், மணிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் துண்டு விழுந்தது. நோட்டைப் பெரியப்பாவிடம் காட்டினேன். படித்த பிள்ளை கண்டுபிடித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்.

அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மொதலாளி, இன்ஜின்ல ஆயில் ஏறுது. ரெண்டு தடவ எறக்கி ஊத்திட்டேன்." நாங்கள் சிரித்தோம். வண்டியில் ஆயில் குறையும், ஏறுமா? மாட்டிக்கொண்டவன் உளறுகிறான் என்றுதான் தோன்றியது. அவர் காலனித் தெருக்காரர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அன்றைய விலையில் அந்த டீசல் ஐநூறு ரூபாய்கூடத் தேறாது.

சில மாதம் கழித்து பேரிங் சத்தம் கேட்டு இன்ஜினைத் திறந்தபோது ஆயில் தண்ணீராக இருந்தது, டீசல் வாடை அடித்தது. பம்பின் சீல் தேய்ந்து, டீசல் சத்தமில்லாமல் ஆயில் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காணாமல் போன டீசல் வண்டியை விட்டு எங்கேயும் போகவில்லை. அதனால்தான் ஆயில் ஏறியது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் பேரிங்கும் பிழைத்திருக்கும். "சரி, போனது போச்சு" என்றார் பெரியப்பா. நானும் போனது போச்சு என்றுதான் இருந்தேன்.

*

ஒன்றை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி நம் மரபில் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலைச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே அளவைகள் இரண்டே: கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது. ஊகத்துக்கு எல்லோரும் சொல்லும் உதாரணமே புகைதான். புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது. பாயின் மூன்று நிறப் புகையும் அந்த வகைதான். ஆனால் எங்கள் வண்டியில் புகை நம்மை டீசல் பக்கம் வரைக்கும்தான் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து டேங்க் மூடிக்குப் போக, 'ரொப்புன அன்னிக்கு சீக்கிரம் நிக்கிது' என்ற ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது எந்தப் புகையிலும் தெரியாது. சீட்டில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

நியாய தரிசனக்காரர்கள் இதற்காகவே இன்னொரு அளவையையும் ஏற்றார்கள்: நம்பத்தக்கவரின் சொல். யார் நம்பத்தக்கவர்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் சொல்லும் பதிலில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும், அவ்வளவே. ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இதே இலக்கணம்தான் என்கிறார். பிறப்பும் படிப்பும் தகுதிப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலை நாங்கள் எங்கள் தோப்பில் வேறு மாதிரி எழுதி வைத்திருந்தோம்.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 2007இல் வந்த தன் நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஒருவர் இன்னார் என்பதற்காக அவர் சொல்லின் எடையைக் குறைப்பது அறிவு சார்ந்த அநீதி. முதல் டிரைவருக்கு நடந்தது அதுதான். இரண்டாமவருக்கு நடந்தது வேறு. 2011இல் கிறிஸ்டி டாட்சன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி எழுதிய கட்டுரை ஒன்று அதைப் பேசுகிறது. கேட்பவர் சரியாகக் கேட்க மாட்டார் என்று தெரிந்து, பேசுபவர் தன் சாட்சியத்தைத் தானே விழுங்கிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் அது அவராகவே தேர்ந்துகொண்ட மௌனம் மாதிரி இருக்கும். அந்த மௌனத்தைச் செய்து கொடுத்தவர்கள் நாங்கள். வாத்ஸ்யாயனரின் இரண்டு நிபந்தனைகளில் முதலாவது, அறிந்திருப்பது, டிரைவரின் பொறுப்பு. இரண்டாவது, சொல்லும் விருப்பம், பாதிக்கு மேல் கேட்பவரின் பொறுப்பு. அடித்தால் விருப்பம் போய்விடும், அறிவு மட்டும் உள்ளே கிடக்கும்.

இது நல்ல மனசு பற்றிய விஷயம் மட்டுமில்லை. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால் இன்னொரு கம்பெனியின் விமானமும் அதே பாதையில் அதே தவறான உயரத்துக்கு இறங்கி, நூலிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனியில் இப்படிப்பட்ட சம்பவங்களைத் தண்டனை பயமில்லாமல் சொல்ல ஏற்பாடு இருந்ததால் அதன் விமானிகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது. மற்றவர்களுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான், 1976இல், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்கும் முறை ஒன்றை நாசா நடத்தத் தொடங்கியது. விபத்தாகவோ குற்றச் செயலாகவோ இல்லாதவரை, சொன்னவரின் பெயர் நீக்கப்படும். பாய் டீக்கடைக்கு முதலாளியை அனுப்பிச் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்படியானால் யாரையும் எதற்கும் கேட்கக் கூடாதா? டீசல் உண்மையிலேயே திருடப்பட்டால்? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பாலிதீன் கட்டியது தப்பு, அது பல ஆயிரம் ரூபாய் செலவில் முடிந்தது, ஒரு தோப்புக்காரரின் கன்று நடவும் தள்ளிப்போனது. பொறுப்பு என்று ஒன்று உண்டு. ஆனால் 'என்ன நடந்தது' என்று தெரிவதற்கு முன்னால் 'யார் செய்தது' என்று கேட்டால், இரண்டுக்குமே பதில் கிடைப்பதில்லை. வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது. வரிசைப்படி கேட்டால் 'யார்' என்ற பட்டியலும் நீளும். சொல்லப் பயந்த டிரைவர் அதில் இருப்பார். தன் வண்டியின் டேங்கை மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத முதலாளி இருப்பார். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மனிதனை அளந்த மாணவனும் இருப்பான். என் கழித்தலில் பிழை இல்லை. டீசல் குறைந்ததும் நிஜம். எண்ணிலிருந்து திருடனுக்குப் போன அந்த ஒரு தாண்டலில்தான், புகையிலிருந்து நெருப்புக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, நான் எங்கேயோ போய்விட்டேன்.

2015 வெள்ளம் வடிந்த சமயத்தில் கெடிலம் கரையில் அவரைப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவரின் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வரும்வரை நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு ஆயில் ஏறுதுன்னு நீங்க சொன்னதுதான் சரி. பம்புல சீல் போயிருந்துச்சு."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி. எங்கிட்ட சொல்லி என்ன? எவன்கிட்ட வேலை கேட்டாலும் டீசல் கேசுன்னுதான் பேசுனாங்க ரெண்டு வருசம். அவங்ககிட்டல்ல சொல்லணும்."

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சாயந்திரம் நாலு பேர் வண்டி விஷயம் பேச வருவார்கள். அந்த வாரம் போய், அவர்கள் இருக்கும்போதே, நோட்டைப் பற்றியும் சீலைப் பற்றியும் அவர் பெயரைச் சொல்லியே சொன்னேன். பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: "ஆயில் எப்படிப்பா ஏறும்?"

முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.